யூசேபியஸ் என்றால் எந்த யூசேபியஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபை வரலாறு படிக்கத் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்ளும் பெயர் யூசேபியஸ். நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு யூசேபியஸ் நிற்கிறார். வேதாகம வகுப்புகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் கட்டுவது சின்னத் தவறு இல்லை என்பது என் எண்ணம். அது ஏன் என்பதைக் கீழே அந்தியோக்கியா வழக்கைப் பற்றிய பதிலில் பாருங்கள்.

யூசேபியஸ் என்ற பெயருக்கு என்ன பொருள்?

பக்திமான். கிரேக்கத்தில் 'யூசேபெயா' என்றால் பக்தி, பயபக்தி. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலும் இதே சொல் இருக்கிறது. 1 தீமோத்தேயு 4:7இல் "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்று நாம் படிக்கிறோமே, அந்த 'தேவபக்தி'தான் யூசேபெயா.

இந்தச் சொல்லுக்கு நம் பக்கத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. ஆப்கானிஸ்தானின் காந்தஹாரில் 1958இல் அசோகரின் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஒரே பாறையில் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் பொறித்திருக்கிறார்கள். அசோகரின் 'தம்மம்' என்ற சொல்லைக் கிரேக்கத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்த அந்த மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்த சொல் யூசேபெயா. இந்தப் பக்கத்தில் வரும் மனிதர்களுக்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பே நடந்த மொழிபெயர்ப்பு அது.

ஒரே பெயர் இத்தனை பேருக்கு எப்படி வந்தது?

பழைய ரோமர்களுக்கு மூன்று பெயர் இருந்தது. மார்கஸ் துல்லியஸ் சிசரோ என்றால் சொந்தப் பெயர், குலப் பெயர், குடும்பப் பெயர் மூன்றும் தெரிந்துவிடும். 212இல் பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ரோமக் குடியுரிமை கிடைத்தபோது, புதிதாகக் குடிமக்களானவர்கள் பெருந்திரளாக 'அவுரேலியஸ்' என்ற பெயரை முன்னால் போட்டுக்கொண்டார்கள். கான்ஸ்டன்டைன் காலத்துக்குப் பிறகு அரசுப் பணியில் இருந்தவர்கள் 'ஃபிளாவியஸ்' போட்டுக்கொண்டார்கள். எல்லோருக்கும் இருக்கிற பெயரால் யாரையும் அடையாளம் காண முடியாதே! அதனால் முன்பெயர்களுக்கு வேலை இல்லாமல் போய், கடைசிப் பெயர் ஒன்றே புழக்கத்தில் நின்றது.

அந்த ஒற்றைப் பெயரும் நல்ல பொருள் தருவதாக இருக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். யூசேபியஸ், தெய்வபக்தியுள்ள கிரேக்கக் குடும்பத்துக்கும் பொருந்தும், கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் பொருந்தும். இரு தரப்பும் தயக்கமின்றி வைத்த பெயர் அது. பிறகு ஆளைப் பிரித்துச் சொல்ல ஊர், ஆசிரியர், பட்டப்பெயர் என்று எதையாவது சேர்த்தார்கள். ஊர்ப் பெயரை முன்னால் போட்டு ஆளைச் சொல்லும் நமக்கு இது புதிதில்லை.

புத்தகத்தில் வெறுமனே 'யூசேபியஸ்' என்று வந்தால் அது யார்?

பத்துக்கு ஒன்பது முறை, செசரியாவின் யூசேபியஸ். சுமார் 260இல் பிறந்து 339இல் இறந்தவர். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் சிறையிருந்த அதே கடற்கரைச் செசரியாவின் ஆயர். சபையின் முதல் மூன்று நூற்றாண்டுகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இவருடைய பத்துப் புத்தகச் சபை வரலாற்றின் வழியாகத்தான் வந்தது. பழைய கடிதங்களையும் நூல்களையும் அப்படியே பக்கம் பக்கமாக எடுத்து எழுதினார். மூலங்கள் பலவும் அழிந்துவிட்டன. இவர் எடுத்து எழுதிய துண்டுகள் மட்டும் பிழைத்தன.

இவரை 'பாம்பிலஸின் யூசேபியஸ்' என்றும் சொல்வார்கள். பாம்பிலஸ் இவருடைய ஆசிரியர், நண்பர். அறிஞர் ஓரிஜன் விட்டுச்சென்ற நூல்களைச் செசரியாவில் சேர்த்துவைத்து, பிரதியெடுத்து, பிழை திருத்தி வாழ்ந்தவர். பாம்பிலஸ் சிறையில் இருந்தபோது இருவரும் சேர்ந்து ஓரிஜனுக்காக ஒரு நூல் எழுதினார்கள். 310இல் பாம்பிலஸ் இரத்தசாட்சியாகக் கொல்லப்பட்டார். அந்த நட்பின் பொருட்டே இவர் அவர் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார் என்று, லத்தீன் வேதாகமத்தைத் தந்த ஜெரோம் எழுதுகிறார். ஆளைப் பிரித்துக் காட்டச் சேர்த்த பெயர்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

வேதாகம ஆராய்ச்சிக்கு இவர் தந்த இன்னொரு கொடை, நான்கு நற்செய்திகளிலும் ஒத்துப்போகும் பகுதிகளைப் பத்து அட்டவணைகளாக வகுத்தது. பழைய கையெழுத்துப் பிரதிகளின் முன்பக்கங்களில் தூண்களும் வளைவுகளும் வரைந்து உள்ளே எண்களை நிரப்பியிருப்பார்களே, அது இவருடைய அட்டவணைதான். கான்ஸ்டன்டைன் தம் புதிய தலைநகரின் ஆலயங்களுக்காக 50 வேதாகமப் பிரதிகள் கேட்டு இவருக்குத்தான் கடிதம் எழுதினார். நல்ல தோலில், தேர்ந்த எழுத்தர்களைக் கொண்டு எழுதச் சொல்லி, கொண்டுவர இரண்டு அரசு வண்டிகளும் ஒதுக்கினார்.

'செசரியாவின் யூசேபியஸ்' என்று சொன்னால் போதுமா?

போதாது. செசரியா என்ற பெயரிலும் பல ஊர்கள் இருந்தன. கப்பத்தோக்கியாவின் செசரியா (இன்றைய துருக்கியின் கைசேரி) ஊருக்கும் 362 முதல் 370 வரை யூசேபியஸ் என்றே ஓர் ஆயர் இருந்தார். ஊரில் மதிப்புள்ள மனிதர். ஞானஸ்நானம்கூடப் பெறாத நிலையில் மக்கள் அவரைப் பிடித்து ஆயராக்கிவிட்டார்கள். அவருக்குக் கீழே குருவாக இருந்து, அவருக்குப் பின் ஆயரானவர்தான் மகா பசிலியஸ்.

வரலாற்றாசிரியர் 339இல் இறந்துவிட்டார். ஆகவே 'செசரியா யூசேபியஸ்' பசிலியஸோடு பேசுகிறார் என்று படித்தால் அது கப்பத்தோக்கியாக்காரர். இந்த இடத்தில் பலர் தடுமாறுவார்கள். ஆண்டைப் பார்த்தால் சரியாகிவிடும்.

பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது வரலாற்றாசிரியர் யூசேபியஸா?

இல்லை. மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான். கொடுத்தவர் நிக்கோமீடியாவின் யூசேபியஸ். அதைப் பற்றி எழுதியவர் செசரியாவின் யூசேபியஸ்.

337 மே மாதம், மரணப்படுக்கையில் கான்ஸ்டன்டைன் நிக்கோமீடியாவின் (இன்றைய துருக்கியின் இஸ்மித்) புறநகரில் தங்கியிருந்தார். ஆயர்களை வரவழைத்து ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின் அரச ஊதா உடையை மீண்டும் தொடவில்லை. வெள்ளை உடையிலேயே இருந்து மே 22, பெந்தெகொஸ்தே நாளில் இறந்தார். செசரியா யூசேபியஸ் தம் 'கான்ஸ்டன்டைனின் வாழ்க்கை' நூலில் இதை விரிவாகச் சொல்கிறார். ஆனால் கொடுத்த ஆயரின் பெயரைச் சொல்லவில்லை. 'ஆயர்கள்' என்று மட்டும் எழுதுகிறார். பெயரை வெளிப்படையாகச் சொன்னவர் ஜெரோம்.

பிற்காலத்தில் மேற்கே, ரோமின் திருத்தந்தை சில்வெஸ்டர்தான் ஞானஸ்நானம் கொடுத்தார் என்று ஒரு கதை பரவியது. ஆரியஸ் என்ற சர்ச்சைக்குரிய குருவின் (அடுத்த பதிலில் வருகிறார்) ஆதரவாளர் ஒருவர் கையால் முதல் கிறிஸ்தவப் பேரரசர் ஞானஸ்நானம் பெற்றதை ஏற்றுக்கொள்ளப் பலருக்கு மனம் வரவில்லை என்பதே அந்தக் கதைக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

செசரியா, நிக்கோமீடியா யூசேபியஸ்கள் இருவரும் ஆரியஸ் பக்கம்தானே? சகோதரர்களா?

இருவரும் ஆரியஸுக்கு ஆதரவாக நின்றார்கள், உண்மை. ஆனால் நின்ற விதம் வேறு.

குமாரன் பிதாவைப் போல நித்தியர் அல்ல என்று போதித்த அலெக்சாந்திரியக் குருவான ஆரியஸ், நெருக்கடி வந்தபோது நிக்கோமீடியா யூசேபியஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இருவரும் அந்தியோக்கியாவின் லூசியனிடம் படித்தவர்கள். கடிதத்தை முடிக்கும்போது, லூசியனின் சக மாணவனே, 'உண்மையாகவே யூசேபியஸ்' என்று விளிக்கிறார். பெயருக்கு ஏற்ற பக்திமான் என்பது உட்பொருள். அதே கடிதத்தில் 'செசரியாவிலுள்ள உம்முடைய சகோதரர் யூசேபியஸ்' என்று ஒரு வரி வருகிறது. அதை வைத்துக்கொண்டு உடன்பிறந்தவர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆயருக்கு ஆயர் சகோதரர் என்பது சபை வழக்கு.

325இல் இந்தச் சர்ச்சையைத் தீர்க்க ஆயர்களின் நிசேயா சங்கம் கூடியது. செசரியா யூசேபியஸ் அதற்குச் சில மாதங்கள் முன்பு அந்தியோக்கியாவில் தற்காலிகமாக விலக்கிவைக்கப்பட்டிருந்தார். நிசேயாவில் தம் ஊர்ச் சபையின் விசுவாச அறிக்கையை வாசித்துக் காட்டினார். கடைசியில், பிதாவும் குமாரனும் ஒரே தன்மையுடையவர்கள் என்ற சொல் சேர்ந்த அறிக்கையில் கையெழுத்திட்டார். தாம் ஏன் கையெழுத்திட்டேன் என்று தம் சபைக்குச் சங்கடத்தோடு ஒரு கடிதமும் எழுதினார். சமாதானத்தை விரும்பிய புத்தக மனிதர் அவர்.

நிக்கோமீடியாக்காரர் அரசியல் தெரிந்தவர். அறிக்கையில் கையெழுத்திட்டார், ஆரியஸைச் சபிக்கும் பகுதியை ஏற்கவில்லை. மூன்று மாதத்தில் நாடுகடத்தப்பட்டார். ஓரிரு ஆண்டுகளில் திரும்பி வந்து பேரரசரின் நம்பிக்கையையும் பெற்றுவிட்டார். ஆரியஸை எதிர்த்த அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியஸ் 335இல் நாடுகடத்தப்பட்டதில் இவர் கை பெரிது. அத்தனாசியஸ் தம் எதிரணி முழுவதையும் 'யூசேபியஸின் ஆட்கள்' என்றே எழுதினார். அந்தச் சொற்றொடர் வரும் இடத்தில் இவரைத்தான் நினைக்க வேண்டும், வரலாற்றாசிரியரை அல்ல. கோத்தியர்களுக்கு வேதாகமத்தை மொழிபெயர்த்த உல்ஃபிலாஸை ஆயராக அபிஷேகம் செய்தவரும் இவரே. கான்ஸ்டான்டினோப்பிளின் ஆயராக 341இல் இறந்தார்.

பெயர்க் குழப்பத்தால் அந்தக் காலத்திலேயே யாராவது பாதிக்கப்பட்டார்களா?

ஒருவர் உயிரையே விட்டார். இதை எழுதிவைத்தவர் அம்மியானஸ் மார்செல்லினஸ், அந்தக் காலத்தின் தலைசிறந்த லத்தீன் வரலாற்றாசிரியர்.

351 முதல் 354 வரை கால்லஸ் என்ற இளம் சீசர் (துணைப் பேரரசர்) கிழக்குப் பகுதியை அந்தியோக்கியாவிலிருந்து ஆண்டார். சந்தேகப் பிராணி. அவருக்கு எதிராகப் பேசிய மோன்டியஸ் என்ற உயர் அதிகாரியைப் படைவீரர்களை ஏவி வீதியில் இழுத்துக் கொல்லவைத்தார். மூச்சு அடங்கும் நேரத்தில் மோன்டியஸ் இரண்டு பெயர்களைச் சொன்னார்: எபிகோனஸ், யூசேபியஸ். எந்த ஊர், என்ன வேலை என்று சொல்ல அவருக்கு நேரம் இல்லை.

அவர் நினைத்தது ஆயுதத் தொழிற்சாலைகளின் பொறுப்பில் இருந்த இரண்டு அதிகாரிகளை. கலகம் என்று வந்தால் ஆயுதம் தருகிறோம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்களாம். கால்லஸின் ஆட்கள் அந்தப் பெயர் உள்ளவர்களைத் தேடிப் போனார்கள். லிக்கியாவைச் சேர்ந்த எபிகோனஸ் என்ற தத்துவவாதி கிடைத்தார். எமேசாவைச் (இன்றைய சிரியாவின் ஹோம்ஸ்) சேர்ந்த யூசேபியஸ் என்ற அனல் பறக்கும் பேச்சாளர் கிடைத்தார். பட்டப்பெயர் பிட்டகாஸ். இருவருக்கும் ஆயுதங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

விசாரணைக்குத் தலைமை தாங்கத் தளபதி உர்சிசினஸை எல்லையிலிருந்து வரவழைத்தார்கள். அம்மியானஸ் அவருடைய படையதிகாரி. அதனால் இந்தப் பகுதி கூடவே நின்று பார்த்தவர் சொல்வது போல இருக்கிறது. என்ன தீர்ப்பு வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தவர்களைத் தளபதியோடு உட்காரவைத்திருந்தார்கள். சீசரின் மனைவி திரைக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வப்போது தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

எபிகோனஸ் பயத்தில் இல்லாத சதியை ஒப்புக்கொண்டார். உடையில் மட்டும் தத்துவவாதி என்கிறார் அம்மியானஸ். யூசேபியஸ் வேறு ரகம். சித்திரவதைக் கருவியில் தொங்கவிட்டபோதும், இது நீதிமன்றம் அல்ல, கொள்ளை என்று கத்தினார். சட்டம் தெரிந்தவர் ஆகையால், என்மேல் குற்றம் சொன்னவன் எங்கே, முறைப்படியான நடவடிக்கை எங்கே என்று கேட்டார். அந்தத் துணிச்சலைத் திமிராக எடுத்துக்கொண்ட சீசர் இன்னும் வதைக்கச் சொன்னார். வதைக்க உடம்பில் இடமே இல்லை என்ற நிலைக்கு வந்த பிறகும் அவர் முகத்தில் ஒரு கசந்த புன்னகை இருந்தது. தம்மேல் குற்றத்தை ஏற்கவும் இல்லை, இன்னொருவர் பெயரைச் சொல்லவும் இல்லை. இருவருக்கும் மரணதண்டனை.

இன்னொருவர் பெயரைச் சொல்லவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு பெயர் வாயிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு குறிப்பு. அதே எமேசாவுக்கு அதே காலத்தில் யூசேபியஸ் என்ற ஆயர் இருந்தார். எதேசாவில் பிறந்து, செசரியா யூசேபியஸிடம் படித்தவர். அத்தனாசியஸை நீக்கிய இடத்துக்கு அலெக்சாந்திரியாவின் ஆயர் பதவியைத் தருகிறோம் என்றபோது மறுத்துவிட்டார். பேச்சாளர் பிட்டகாஸும் இவரும் வேறு வேறு ஆட்கள்.

கான்ஸ்டான்டியஸின் அரண்மனையில் இருந்த யூசேபியஸ் யார்?

கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டான்டியஸின் (337–361) அந்தரங்க அறைத் தலைவர். அண்ணகர். பேரரசரைப் பார்க்க வேண்டுமென்றால் இவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இவரிடம் கான்ஸ்டான்டியஸுக்கு நல்ல செல்வாக்கு இருந்தது என்று அம்மியானஸ் தலைகீழாக எழுதும் அளவுக்கு அதிகாரம். கால்லஸின் வீழ்ச்சியிலும் இவருக்குப் பங்கு உண்டு. 361 முடிவில் ஜூலியன் ஆட்சிக்கு வந்ததும் கல்செதோனில் நடந்த விசாரணையில் மரணதண்டனை பெற்றார்.

அதே அரண்மனையில் பேரரசியின் பெயர் யூசேபியா. 359இன் கான்சல்களாக (ஆண்டுக்கு இருவர் வகித்த உயர் பதவி) இருந்த இருவரும் அவருடைய சகோதரர்கள்: ஒருவர் ஹிப்பாட்டியஸ், மற்றவர் யூசேபியஸ். இவர்கள் போதாதென்று, அரச சொத்துகளைக் கவனித்து ஓய்வுபெற்ற ஒரு யூசேபியஸ் 355இல் தளபதி சில்வானஸ் விவகாரத்தில் மாட்டுகிறார். அவரை 'மட்டியோகோபா' என்ற பட்டப்பெயர் சேர்த்தே அம்மியானஸ் குறிப்பிடுகிறார். பிட்டகாஸ் வழக்கை அருகிலிருந்து பார்த்தவர் அல்லவா, பெயரைத் தனியே விடமாட்டார்.

ஜூலியனின் வாழ்க்கையில் எத்தனை யூசேபியஸ்கள்?

எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தெய்வங்களுக்குத் திரும்பிய பேரரசர் ஜூலியன் (361–363) கால்லஸின் தம்பி. சிறுவயதில் இவரை வளர்த்தவர் தூரத்து உறவினரான நிக்கோமீடியா ஆயர் யூசேபியஸ். அரண்மனையில் இவருக்குக் குழிபறித்தவர் அண்ணகர் யூசேபியஸ். காப்பாற்றிக் கைதூக்கிவிட்டவர் பேரரசி யூசேபியா.

நாலாவதாக ஒருவர், மின்டஸ் ஊர்த் தத்துவ ஆசிரியர் யூசேபியஸ். மாயவித்தைகளில் மயங்காதே என்று எச்சரிக்க, மாக்சிமஸ் என்பவர் ஹெக்காட்டே தெய்வத்தின் சிலையைச் சிரிக்கவைத்து, அதன் கையிலிருந்த தீப்பந்தங்களைத் தானாக எரியவைத்ததைச் சொன்னார். ஜூலியனோ, நீங்கள் உங்கள் புத்தகங்களோடு இருங்கள், நான் தேடிய ஆளைக் காட்டிவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு மாக்சிமஸைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

ஆகஸ்ட் 2இல் நினைவுகூரப்படும் புனித யூசேபியஸ் யார்?

வடஇத்தாலியின் வெர்செல்லி நகரின் முதல் ஆயர். சார்டினியாக்காரர். 355இல் மிலான் சங்கத்தில் அத்தனாசியஸைக் கண்டனம் செய்து கையெழுத்திடச் சொன்னார்கள். முதலில் எல்லோரும் நிசேயா அறிக்கையில் கையெழுத்திடுங்கள், பிறகு மற்றதைப் பேசலாம் என்று காகிதத்தை எடுத்து வைத்தார் இவர். மிலான் ஆயர் எழுதத் தொடங்கியபோது, எதிரணி ஆயர் வாலன்ஸ் எழுதுகோலையும் காகிதத்தையும் பிடுங்கிவிட்டார். வெர்செல்லி யூசேபியஸ் கடைசிவரை கையெழுத்திடவில்லை. பாலஸ்தீனம், கப்பத்தோக்கியா, எகிப்தின் தெபாயித் என்று நாடுகடத்தல். அதே பிரச்சினையில், அதே காலத்தில், அண்ணகர் யூசேபியஸ் ரோமுக்குப் போய்த் திருத்தந்தை லிபேரியஸிடம் பரிசுகளை நீட்டிக்கொண்டிருந்தார்.

சமோசாட்டாவின் யூசேபியஸ் யார்?

அவரைப் பற்றிய செய்திகளைத் தருபவர் ஐந்தாம் நூற்றாண்டின் சபை வரலாற்றாசிரியர் தியோடரெட். சமோசாட்டாவின் ஆயரான இந்த யூசேபியஸ், பசிலியஸின் நெருங்கிய நண்பர். அந்தியோக்கியா ஆயர் தேர்தலின் கையெழுத்து ஆவணம் இவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பேரரசர் அதைத் திருப்பிக் கேட்டார். தராவிட்டால் வலக்கையை வெட்டுவோம் என்று மிரட்டல் வந்தது. எல்லோரும் சேர்ந்து ஒப்படைத்ததை ஒருவர் கேட்டுத் தரமுடியாது என்று சொல்லி, இரண்டு கைகளையும் நீட்டினார்.

பேரரசர் வாலன்ஸ் காலத்தில், 374இல் நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய பின், டோலிக்கே என்ற சிற்றூருக்கு ஒரு ஆயரை அமர்த்தப் போனார். எதிரணிப் பெண் ஒருத்தி வீட்டு மாடியிலிருந்து கூரை ஓடு ஒன்றை எறிந்தாள். மண்டை உடைந்தது. சாகும் முன், அந்தப் பெண்ணைத் தண்டிக்கக் கூடாது என்று கூட இருந்தவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ரோமில் யூசேபியஸ் என்ற திருத்தந்தை இருந்தாரா?

இருந்தார். 310ஐ ஒட்டி, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, நாலே மாதம். துன்புறுத்தலில் விசுவாசத்தை மறுதலித்தவர்களை மனந்திரும்பிய பின் சேர்த்துக்கொள்ளலாமா என்ற சண்டையில், அப்போது ரோமை ஆண்ட மாக்சென்டியஸ் இவரைச் சிசிலிக்கு அனுப்பினார். அங்கேயே இறந்தார். பின்னாளில் திருத்தந்தை டமாசஸ் எழுதிய கல்லறைப் பாடல் கலிஸ்துஸ் நிலத்தடிக் கல்லறையில் இருக்கிறது.

டோரிலேயத்தின் யூசேபியஸ்?

இவர் ஐந்தாம் நூற்றாண்டு. வழக்கறிஞராக இருந்து ஆயரானவர். பொதுநிலையினராக இருந்தபோதே கான்ஸ்டான்டினோப்பிளில் அந்நகர ஆயர் நெஸ்தோரியஸை எதிர்த்து அறிக்கை ஒட்டியவர். 448இல் யூட்டிகஸ் என்ற துறவியர் தலைவரை, கிறிஸ்துவில் இரண்டு தன்மைகள் உண்டா இல்லையா என்று விடாமல் கேட்டு மடக்கினார். மறு ஆண்டு எபேசுவில் கூடிய சங்கத்தில் அந்த விசாரணைக் குறிப்பு வாசிக்கப்பட்டபோது, யூசேபியஸை உயிரோடு எரியுங்கள், இரண்டாக்கியவனை இரண்டாக வெட்டுங்கள் என்று கூச்சல் எழுந்தது. பதவியைப் பறித்தார்கள். தப்பி ரோமுக்குப் போனார். 451இல் கல்செதோன் சங்கத்தில் அவர் தரப்பு வென்றது.

அந்த எபேசுக் கூட்டத்தைத் திருத்தந்தை லியோ, தீர்ப்பு அல்ல, கொள்ளை என்று எழுதினார். அவர் பயன்படுத்திய லத்தீன் சொல் 'லத்ரோசினியும்'. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் எமேசாவின் பிட்டகாஸ் சித்திரவதைக் கருவியிலிருந்து கத்தியதாக அம்மியானஸ் எழுதிய சொல்லும் அதுவே. இரண்டு இடத்திலும் கூண்டில் நின்றவர் பெயர் யூசேபியஸ். இது தற்செயல்தான். ஆனாலும் படித்த அன்று எனக்கு மேற்கொண்டு பக்கம் ஓடவில்லை.

நான் படிக்கும் நூலில் எந்த யூசேபியஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆண்டை முதலில் பாருங்கள். 339க்கு முன் என்றால் செசரியா, நிக்கோமீடியா இருவரில் ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அரசவையில் நடமாடினால் பின்னவர், நூல் எழுதினால் முன்னவர். 350களில் அரண்மனை என்றால் அண்ணகர். பசிலியஸின் கடிதங்கள் என்றால் சமோசாட்டாக்காரரா, கப்பத்தோக்கியாக்காரரா என்று பாருங்கள். ஆய்வாளர்களே இந்தத் தொல்லைக்காக எண் போட்டிருக்கிறார்கள். பிற்கால ரோமப் பேரரசின் ஆட்களைத் திரட்டிய பெரிய அகராதியின் முதல் தொகுதி 1971இல் வந்தது. அதில் யூசேபியஸ் 1, யூசேபியஸ் 2 என்று பக்கங்கள் நகரும்.

மொழிபெயர்க்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தமிழில் யூசேபியஸ், யூசேபியுஸ், எவுசேபியு என்று பலவிதமாக எழுதுகிறோம். எழுத்து வேறாக இருப்பதால் ஆள் வேறு என்று வாசகர் நினைத்துவிடுவார். எப்படி எழுதினாலும் ஊர்ப் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

ஜெரோமின் பெயரும் யூசேபியஸ் என்கிறார்களே?

ஆம். லத்தீன் வேதாகமத்தை நமக்குத் தந்த ஜெரோமின் (இறப்பு 420) பெயர் யூசேபியஸ் ஹியரோனிமஸ். அவருடைய தகப்பனார் பெயரும் யூசேபியஸ். மத்தேயு நற்செய்திக்கான விளக்கவுரையை அவர் அர்ப்பணித்தது கிரெமோனாவைச் சேர்ந்த நண்பர் யூசேபியஸுக்கு. 380ஐ ஒட்டிச் செசரியா யூசேபியஸின் கால அட்டவணையை லத்தீனில் பெயர்த்து, 378 வரை தாமே நீட்டித்தார். அந்த நூலில் ஒரு யூசேபியஸ் நிறுத்திய இடத்தில் இன்னொரு யூசேபியஸ் தொடர்கிறார்.

தோமா இந்தியாவுக்கு வந்ததாக யூசேபியஸ் எழுதியிருக்கிறாரா?

பரங்கிமலைக்குப் போய்வந்தவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. எந்த யூசேபியஸ் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

செசரியாவின் யூசேபியஸ் சபை வரலாற்றின் மூன்றாம் புத்தகத்தில், தோமாவுக்குப் பார்த்தியா பங்காகக் கிடைத்தது என்கிறார். பார்த்தியா என்பது இன்றைய ஈரான், ஈராக் பகுதி. இந்தியா என்ற சொல் ஐந்தாம் புத்தகத்தில் வேறொரு இடத்தில் வருகிறது. அலெக்சாந்திரியாவின் ஆசிரியர் பந்தேனஸ் இந்தியர்களிடம் போனதாகவும், பர்த்தொலொமேயு விட்டுச்சென்ற எபிரேய எழுத்து மத்தேயு நற்செய்தியை அங்கே கண்டதாகவும் சொல்லக் கேள்வி என்று எழுதுகிறார். அந்தக் காலத்தில் தென் அரேபியாவையும் எத்தியோப்பியாவையும்கூட 'இந்தியா' என்று சொல்வதுண்டு என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஜெரோம், அதாவது யூசேபியஸ் ஹியரோனிமஸ், மார்செல்லா என்ற பெண்மணிக்கு எழுதிய கடிதத்தில் உயிர்த்தெழுந்த கிறிஸ்து எங்கும் இருக்கிறார் என்று விளக்குகிறார். ரோமில் பேதுருவோடு இருந்தார் என்று சொல்லும் அதே மூச்சில், இந்தியாவில் தோமாவோடு இருந்தார் என்றும் எழுதுகிறார். ஆகவே உங்கள் கட்டுரையில் 'தோமா இந்தியாவில் இருந்ததாக யூசேபியஸ் சொல்கிறார்' என்று எழுதியிருந்தால், யூசேபியஸ் என்பதை அடித்துவிட்டு ஜெரோம் என்று போடுங்கள்.